ஜெரேனியம் வளர்ப்பு: கன்று வாங்குவதிலிருந்து குச்சி வைப்பது வரை முழு வழிகாட்டி

ஜெரேனியம் வாங்கி வந்த முதல் மாதம் எல்லோர் வீட்டிலும் பூக்கிறது. தொந்தரவு இரண்டாவது மாதத்தில்தான் தொடங்கும். அடி இலைகள் மஞ்சளாகும், மொட்டுகள் விரியாமலே கருகும், ஒருநாள் காலையில் பார்த்தால் தண்டின் அடி கறுத்துச் செடி சாய்ந்து கிடக்கும். கவனிக்காமல் விட்டதால் இப்படி ஆவது குறைவு. தினமும் தண்ணீர், பெரிய தொட்டி, கை நிறைய எரு என்று அளவுக்கு மீறிக் கவனித்ததால்தான் பெரும்பாலும் ஆகிறது.

இந்தச் செடியைக் கொஞ்சம் காயவிட்டு, கொஞ்சம் பட்டினி போட்டு, வெளிச்சத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்து வளர்க்க வேண்டும். இதன் காட்டு மூதாதைகள் தென்னாப்பிரிக்காவின் புதர்க்காடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் வளர்பவை. அங்கே மழை வந்தால் தண்ணீர் கற்களுக்கிடையே வடிந்து ஓடிவிடும். சதைப்பற்றான தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த மழை வரை தாங்குவதுதான் இதன் பழக்கம். அந்தத் தண்டை நாள்முழுக்க ஈரமண்ணில் நிறுத்தினால் அழுகாமல் என்ன செய்யும்? கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு குணத்தை ஒட்டியதுதான்.

உங்களிடம் இருப்பது எது?

கடைகளில் ஜெரேனியம் என்று விற்கப்படுவது தாவரவியலில் பெலர்கோனியம். 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். தோட்டக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. அதில் தவறும் இல்லை, நானும் இங்கே ஜெரேனியம் என்றே எழுதுகிறேன். ஆனால் விதையோ கன்றோ வாங்கும்போது இரண்டும் வேறு என்பது நினைவில் இருக்கட்டும். உண்மையான ஜெரேனியம் குளிர்நாடுகளின் உறைபனியைத் தாங்கும் செடி. அதன் ஐந்து இதழ்களும் ஒரே மாதிரி இருக்கும். பெலர்கோனியத்தில் மேலே இரண்டு இதழ்களும் கீழே மூன்று இதழ்களும் வடிவத்திலோ கோலத்திலோ மாறுபடும். உறைபனி பட்டால் செடி செத்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஒற்றை அடுக்குப் பூ ஒன்றைப் பறித்து, பூவுக்குச் சற்றுக் கீழே காம்பைக் கூரிய பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் ஓர் ஓரமாக ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரிந்தால் அது பெலர்கோனியம். அந்தத் துளைதான் தேன் குழாய். காம்போடு ஒட்டியே கீழே இறங்கி, ஒரு சிறு புடைப்பில் போய் முடியும். உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்புறம் வகை. வளையம் போட்ட இலைக்காரி முதல் வகை: வட்டமான, லேசாக மென்மயிர் படர்ந்த இலை, நடுவில் பெரும்பாலும் கருமையான வளையம், நிமிர்ந்து வளரும் தண்டு. பாத்திக்கும் தொட்டிக்கும் ஏற்றது. முதன்முறையாக வளர்ப்பவர்கள் இதில் தொடங்குவதே நல்லது என்பேன். தவறுகளை இதுதான் அதிகம் பொறுக்கும். ஆண்டு முழுவதும் வெளிச்சமும் மிதமான வெப்பமும் இருந்தால் நிறுத்தாமல் பூக்கக்கூடியதும் இதுதான்.

ஐவி இலை வகைக்குத் தடித்த, பளபளப்பான, ஐந்து மூலை இலைகள். தொங்கிப் படரும். ஆல்ப்ஸ் மலையோர வீடுகளின் பலகணிகளிலிருந்து சிவப்பும் இளஞ்சிவப்புமாக வழிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அவை இந்த வகை. தொங்குதொட்டிக்கும் சன்னல் பெட்டிக்கும் இதற்கு ஈடில்லை.

மூன்றாவது ரீகல். இலையில் வளையம் இருக்காது, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். பூ பெரியது, இதழில் கருஞ்சிவப்புத் திட்டுகள் விழும். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மொட்டு உருவாக இதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ந்த இரவுகள் வேண்டும், சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. வெப்பமான ஊரில் வாங்கிய பூ உதிர்ந்தபின் அடுத்த குளிர்காலம் வரை இலை மட்டும்தான். அது நோய் இல்லை, அதன் இயல்பு. ரீகலின் சிறு உருவமாக, பான்சி பூவின் சாயலில் பூக்கும் ஏஞ்சல் வகையும் உண்டு.

வாசனை இலை வகைகளை ரோஜா, எலுமிச்சை, மிளகுக்கீரை மணத்துக்காக வளர்க்கிறார்கள், பூ சிறியது. கொசு விரட்டும் செடி என்று விற்கப்படுவதும் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறது. செடி சும்மா நிற்பதால் கொசு விலகுவதில்லை என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். மணத்துக்காக வாங்குங்கள், கொசுவுக்காக வேண்டாம்.

நல்ல கன்றைத் தேர்ந்தெடுப்பது

பூ நிறைந்த செடியை விட, மொட்டு நிறைந்த குட்டையான செடியை எடுங்கள். கணுவுக்குக் கணு இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். நீண்டு மெலிந்த செடி வெளிச்சம் போதாமல் வளர்ந்தது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழுப்புப் பொடி வளையமாகப் படிந்திருந்தால் துருநோய். செடியை லேசாகத் தட்டும்போது வெள்ளையாகச் சிறு ஈக்கள் பறந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்டின் அடி மண்ணோடு சேரும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: பச்சையாகவோ மரப்பழுப்பாகவோ, கெட்டியாக இருக்கலாம். கறுப்பாக, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் அந்தச் செடிக்கு ஆயுள் இல்லை.

வெயில் எவ்வளவு?

நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். இதில் பேரம் கிடையாது. வளைய இலை வகை பூப்பதற்குப் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்றுதான் பார்க்கிறது. நான்கு மணி நேரம் கிடைத்தால் இலை வரும், பூ எப்போதாவது வரும். வீட்டுக்குள் வைப்பதானால் மிகுந்த வெளிச்சம் விழும் சன்னல் ஓரம் மட்டுமே, அதிலும் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும்.

ஆனால் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் இடங்களில் கதை வேறு. அங்கே காலை வெயில் முழுவதும் படட்டும், நண்பகலுக்குப் பின் நிழல் விழட்டும். கிழக்கு பார்த்த சுவரோரம் அருமையான இடம். மேற்கு வெயிலில் தொட்டியின் பக்கச்சுவர் சூடேறி வேரை வேகவைத்துவிடும். அடர்நிற பிளாஸ்டிக் தொட்டியானால் இன்னும் மோசம். வெப்பத்தோடு புழுக்கமும் சேர்ந்தால் செடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும். அப்போது உரம் போட்டு எழுப்பப் பார்க்காதீர்கள். நிழலில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, இரவு குளிரும் வரை காத்திருங்கள்.

காற்றோட்டமும் வேண்டும். செடிக்கும் செடிக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால், இலையில் விழும் பூஞ்சைகளில் பாதி வரவே வராது.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தொட்டி போதும். நன்றாக வளர்ந்த செடிக்கு 18, 20 சென்டிமீட்டர். இதைவிடப் பெரிதாகக் கொடுக்காதீர்கள். வேர் எட்டாத மண் காயாது. காயாத மண்ணில் காற்று இருக்காது. அங்கிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. வேர் தொட்டியை ஓரளவு நிரப்பிய பிறகுதான் பூவும் மும்முரமாக வரும். 30 முதல் 35 சென்டிமீட்டர் தொங்குதொட்டியில் நான்கு ஐவி வகைச் செடிகள் வைக்கலாம்.

மண்தொட்டியே என் தேர்வு. பக்கச்சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், தண்ணீர் கூடிப்போனாலும் ஒரு மன்னிப்பு உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கலாம், தண்ணீர் விடும் இடைவெளியை மட்டும் கூட்ட வேண்டும். எதுவானாலும் அடியில் துளை திறந்திருக்க வேண்டும். துளைமேல் ஒரு துண்டு வலை போட்டால் மண் ஒழுகாது. அடியில் கல்லடுக்கு வைத்தால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு: நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது, கல்லுக்கு மேலே தேங்கி நிற்கும். தொட்டி முழுவதும் ஒரே கலவையாக நிரப்புங்கள்.

கலவைக்கு இரண்டு பங்கு நல்ல தோட்டமண், ஒரு பங்கு பருமணல் அல்லது பெர்லைட் (சூட்டில் பொரிந்த எடையற்ற வெள்ளைப் பாறைத் துகள்), ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். மண் வேண்டாம் என்பவர்கள் கழுவி உப்பு நீக்கிய தேங்காய்நார்த் தூள் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு எடுக்கலாம். நார்த்தூளின் மேற்பரப்பு காய்ந்து தெரியும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். அதனால் பெர்லைட்டைக் குறைக்காதீர்கள். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

மண்ணின் கார அமில நிலை (pH) 6.0-க்கும் 6.5-க்கும் இடையே இருப்பது வளைய இலை வகைக்கு ஏற்றது. 5.8-க்குக் கீழே போனால் செடி இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி உறிஞ்சும். முதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து ஓரம் கருகும். பார்ப்பதற்கு நோய் மாதிரியே இருப்பதால் மருந்து அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குமுன் மண்ணைச் சோதித்து, தேவையானால் சிறிது சுண்ணாம்புத்தூள் சேருங்கள்.

நடும் முறை

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கன்றுக்குத் தண்ணீர் விடுங்கள். தொட்டியைக் கவிழ்த்து, தண்டைப் பிடித்து இழுக்காமல், மண்கட்டியோடு கையில் வாங்குங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அடிப்பக்கத்தை விரலால் லேசாகக் கலைத்துவிடலாம். பழைய தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வையுங்கள். ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டை மண்ணுக்குள் புதைப்பவர்கள் உண்டு. தக்காளிக்கு அது சரி, இதற்கு ஆகாது. புதைந்த தண்டு வேர்விடும் முன்பே அழுகும். மண்ணுக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் விட்டு நிரப்பி, ஒருமுறை அடித்துளை வழியே வடியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். நான்கைந்து நாள் வெளிச்சமான நிழல். அப்புறம் வெயில்.

பாத்தியில் நட வேறு சில வேலைகள் உண்டு. உறைபனி விழும் நாடுகளில் கடைசிப் பனி கழிந்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகே நட வேண்டும். வீட்டுக்குள் இருந்த கன்றை ஒரு வாரம், பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்துவது, குறிப்பாகக் களிமண்ணில், பாதி வெற்றி. மக்கிய உரத்தையும் பருமணலையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணம், மக்காத எரு எதுவும் கூடாது. செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். மூடாக்கு போடுவதானால் தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் காலியாக விடுங்கள்.

தக்காளி, கத்திரி, உருளை வாடிச் செத்த பாத்தியில் இதை நடாதீர்கள். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வாடல் இவை எல்லாவற்றையும் தாக்கும், மண்ணிலும் தங்கும். உருளைக்கிழங்குக்கு ஆபத்தான இதன் ஓர் இனம் 2020-இல் இறக்குமதியான ஜெரேனியக் கன்றுகள் வழியாக அமெரிக்காவில் நுழைந்தபோது, அந்நாட்டு வேளாண்துறை பல நாற்றுக்கூடங்களில் செடிகளைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

பாத்திக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: செடியைத் தொட்டியோடு விளிம்பு வரை மண்ணில் இறக்கிவிடுவது. வேர் கட்டுக்குள் இருப்பதால் இலையை விடப் பூ அதிகம் வரும். அடைமழை வந்தாலோ குளிர் வந்தாலோ தூக்கி உள்ளே வைத்துவிடலாம். எனக்கு இது ரொம்பவும் பிடித்த முறை.

தண்ணீர்

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். தண்ணீர் விட்ட உடனே தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், காய்ந்தபின் இன்னொருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டு எடையும் கைக்குப் பழகிவிட்டால் விரலை விடவேண்டிய தேவையே இருக்காது.

விடும்போது முழுமையாக விடுங்கள், அடியில் வடியும் வரை. தினமும் ஒரு குவளை தெளிப்பதுதான் கெடுதல்: மேல்மண் எப்போதும் நனைந்திருக்கும், அடிவேர் எப்போதும் காய்ந்திருக்கும். தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். காலையில், மண்ணில் மட்டும், இலையும் பூவும் நனையாமல். ஈரப்பதம் வேண்டும் என்று இலைமீது நீர்ப்புகை தெளிப்பது இந்தச் செடிக்குத் தேவையே இல்லை.

செடி வாடி நின்றால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் காய்ந்து செடி வாடினால் தாகம். ஒரு மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் செத்துக்கொண்டிருக்கிறது. இப்போது ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்லும். செடியை வெளியே எடுத்து, பழுப்பாகி வழுவழுப்பான வேர்களை நீக்கி, சிறிய தொட்டியில் புது மணற்பாங்கான கலவையில் வைத்துப் பாருங்கள். தண்டு கெட்டியாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அதே நேரத்தில் நுனியிலிருந்து இரண்டு குச்சிகளும் வெட்டி வைத்துவிடுங்கள்.

ஐவி வகையில் இலையின் அடிப்பக்கம் தக்கை போன்ற சொரசொரப்பான மேடுகள் தோன்றும். இது கிருமி இல்லை. மண் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்து, காற்றும் ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும்போது, வேர் உறிஞ்சும் நீர் இலைவழி வெளியேற முடியாமல் உள்ளே திசுக்கள் வீங்கி வெடிப்பதால் வருவது. மப்பும் மந்தாரமுமான நாட்களில் தண்ணீரை நிறுத்தினால் புது இலைகள் சுத்தமாக வரும். பழைய தழும்பு மறையாது.

உரம்

புதுக் கலவையில் நட்ட செடிக்கு முதல் ஒரு மாதம் எதுவும் வேண்டாம். அப்புறம், வளரும் காலம் முழுவதும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி மட்டும் கரைத்து ஊற்றுங்கள். செடி தழைக்கும்போது மூன்று சத்தும் சமமான உரம். மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து மிகுந்தது. தக்காளிக்கென்று விற்கும் திரவ உரம் இதற்குப் பொருந்தும். தழைச்சத்து கூடினால் இலை தட்டுத் தட்டாக வரும், பூ வராது, தண்டும் மெத்தென்று நோய்க்கு இடம் கொடுக்கும். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றக்கூடாது, வேர் கருகும்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மண்ணில் ஒருமுறை ஊற்றினால் போதும். குளிரில் இலை ஓரம் சிவந்தால் அதற்கு உரம் தேவையில்லை; வெப்பம் ஏறினால் புது இலை பச்சையாக வரும்.

கிள்ளுவதும் ஒடிப்பதும்

கன்று ஒரு சாண் உயரத்துக்கு வருவதற்குள், ஐந்தாறு இலை விட்டதும், நடு நுனியைக் கணுவுக்கு மேலே கிள்ளிவிடுங்கள். முதல் பூ சில வாரம் தள்ளிப்போகும். பதிலுக்கு மூன்று நான்கு கிளைகள் வரும், ஒவ்வொன்றிலும் பூங்கொத்து. ஒற்றைக் குச்சியாக நின்று உச்சியில் மட்டும் பூக்கும் செடிகள் எல்லாம் கிள்ளாமல் விடப்பட்டவை.

வாடிய பூங்கொத்தை நீக்குவதற்குக் கத்தரி தேவையில்லை. கொத்தின் நீண்ட காம்பைத் தண்டோடு சேரும் இடம் வரை விரலால் தடவிக்கொண்டே போனால், அங்கே சற்றுப் புடைத்த மூட்டு தட்டுப்படும். காம்பை அந்த மூட்டுக்கு மிக அருகில் பிடித்து ஒருபக்கமாகச் சாய்த்தால் டக்கென்று சுத்தமாக ஒடிந்து வரும். பூவின் தலையை மட்டும் கிள்ளிவிட்டால் மிச்சக் காம்பு அழுகித் தண்டுக்குள் இறங்கும். கொத்தில் பாதி மொட்டாக இருந்தால், வாடிய சிறு பூக்களை மட்டும் பறித்துவிட்டுக் கொத்தை விட்டுவைக்கலாம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுக்குப் பூக்கள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு சாம்பல் பூஞ்சணத்தை வளர்க்கும்.

ஒற்றை அடுக்குப் பூக்கள் மகரந்தம் சேர்ந்ததும் இதழை உதிர்த்துவிடும். எத்திலீன் வாயு பட்டாலும் அப்படியே. ஆகவே பழுக்கும் பழங்களுக்குப் பக்கத்தில் தொட்டியை வைக்க வேண்டாம். நாள்கணக்கில் நிற்கும் பூ வேண்டுமானால் அடுக்குப் பூ வகையை வாங்குங்கள்.

குச்சி வைத்துப் பெருக்குவது

ஜெரேனியம் வளர்ப்பதில் இதுதான் பெரிய சந்தோஷம். ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து பத்துச் செடி எடுக்கலாம், அத்தனையும் தாயைப் போலவே பூக்கும். கடுங்குளிரும் அடைமழையும் இல்லாத எந்தக் காலமும் சரி. பகல் 18 முதல் 24 டிகிரிக்குள் இருக்கும் பருவம் உத்தமம்.

பூக்காத, நோயில்லாத, சுண்டுவிரல் பருமனுக்கு மேற்படாத பச்சை நுனிக்கிளையைத் தேர்ந்தெடுங்கள். சாராயம் (மருந்துக்கடை ஸ்பிரிட்) தொட்டுத் துடைத்த கூரிய பிளேடால், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், பிளேடே நல்லது. நுனியில் இரண்டு மூன்று இலை போதும், மற்றதை நீக்குங்கள். மொட்டு இருந்தால் அதையும் நீக்குங்கள். இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் காகிதம் போன்ற சிறு செதில்கள் இருக்கும். மண்ணுக்குள் போகும் பகுதியில் அவற்றையும் உரித்துவிட வேண்டும். பலர் விடுவது இதைத்தான், அழுகல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வெட்டிய குச்சிகளை உடனே நடாமல் நிழலில் அரைநாள் போட்டுவையுங்கள். இலை சற்றுத் துவளும், பயப்பட வேண்டாம். வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளட்டும். வேர்விடத் தூண்டும் பொடி இல்லாமலேயே இது நன்றாக வேர்விடும், செலவு செய்யத் தேவையில்லை.

பாதி மணல் அல்லது பெர்லைட், பாதி நார்த்தூள் கலந்து, பிழிந்த துணி அளவு ஈரமாக்கிச் சிறு தொட்டியில் நிரப்புங்கள். குச்சியால் துளையிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, சுற்றிலும் அழுத்திவிடுங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையால் மூடாதீர்கள். மற்ற செடிகளின் குச்சிகளுக்கு அது உயிர். இதற்கு அதுவே எமன். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் நடுவில் ஒரு புதிய சின்ன இலை விரியும். குச்சியை மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. 8, 9 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். இடையில் அடி கறுத்த குச்சியை மண்ணோடு எடுத்து எறிந்துவிடுங்கள், பக்கத்துக் குச்சிக்குப் பரவும். ரீகல் குச்சிகள் வேர்விடக் கூடுதல் நாள் எடுக்கலாம், பொறுமை வேண்டும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். 1960-களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரெய்க் உருவாக்கிய ‘நிட்டனி லயன் ரெட்’ வகைக்குப் பிறகுதான் விதையில் ஒரே மாதிரி வரும் ஜெரேனியங்கள் சந்தைக்கு வந்தன. விதையை மெல்லிய மண்ணால் மூடி, 21 முதல் 24 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும்; பூக்கச் சுமார் நான்கு மாதம். கலப்பின வகையிலிருந்து நீங்களே எடுத்த விதை தாயைப் போல வராது.

நோயும் பூச்சியும்

அடித்தண்டு கறுத்து மேலே ஏறினால் பித்தியம் பூஞ்சணம். மருந்து தேடாதீர்கள். மேலே பச்சையாக இருக்கும் நுனியை வெட்டிக் குச்சி வைத்துவிட்டு, மீதியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள்.

துருநோயில் இலையின் மேலே மஞ்சள் புள்ளி, கீழே அதே இடத்தில் பழுப்புப் பொடி வளையம் வளையமாக. வளைய இலை வகையைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். பாதித்த இலைகளை ஆட்டாமல் பறித்துப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், உரக்குழியில் வேண்டாம். இலை நனையாமல் பார்த்துக்கொண்டால் பரவுவது குறையும்.

பாக்டீரியக் கருகல்தான் மிகவும் கொடியது. இலை ஓரத்திலிருந்து நரம்பை நோக்கி முக்கோணமாக மஞ்சளாகிக் காயும், அப்புறம் கிளை கிளையாக வாடும். இதற்கு மருந்து இல்லை. செடியை அழித்து, பிளேடையும் தொட்டியையும் கிருமிநீக்கம் செய்யுங்கள். அதிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. ஐவி வகைச் செடிகள் இந்தக் கிருமியை வெளியே தெரியாமல் சுமந்திருக்கும். தொங்குதொட்டியில் ஐவி, அதற்கு நேர்கீழே வளைய இலைச் செடிகள் என்று வைத்தால், மேலிருந்து சொட்டும் நீர் நோயைக் கீழே இறக்கும். அழகாக இருக்கும்தான், ஆனாலும் வேண்டாம்.

மொட்டில் வட்டத் துளையும் இலைமேல் கரும்புள்ளி எச்சமும் தெரிந்தால் மொட்டுப்புழு. அந்தி நேரத்தில் தேடிக் கையால் எடுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவின் தெளிப்பு சிறு புழுக்களைக் கொல்லும். மொட்டுக்குள் நுழைந்த பிறகு பயன் குறைவு. மாவுப்பூச்சிக்குச் சாராயம் தொட்ட பஞ்சு. வெள்ளை ஈயும் அசுவினியும் வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக்கரைசலும் கலந்து, முதலில் ஓர் இலையில் மட்டும் சோதித்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளியுங்கள். ஜப்பானிய வண்டு வளைய இலை வகையின் இதழைத் தின்றால் அரைமணி நேரத்தில் கைகால் அசையாமல் விழுந்துவிடும் என்பது இந்தச் செடியின் ஓர் அதிசயம்.

பூனை, நாய் இலையைத் தின்றால் வாந்தியெடுக்கும். எட்டாத இடத்தில் வையுங்கள்.

மழையும் பனியும்

அடைமழைப் பருவம் தொடங்கும் முன் தொட்டிகளை இறவாணத்துக்குக் கீழே நகர்த்துங்கள், உரத்தை நிறுத்துங்கள், ஒவ்வொரு வகையிலிருந்தும் இரண்டிரண்டு குச்சி வைத்துவிடுங்கள். தாய் போனாலும் வகை போகாது.

உறைபனி விழும் ஊர்களில் முதல் பனிக்கு முன்பே செடிகளை உள்ளே கொண்டுவர வேண்டும். வெளிச்சமான சன்னல் இருந்தால் அங்கே, குறைவான தண்ணீரில், சிறிது பூவோடு ஓட்டலாம். இல்லையென்றால் பாதியாக வெட்டி, 5 முதல் 10 டிகிரி வெப்பமுள்ள அறையில், மண் முழுவதும் காய்ந்த பிறகு மட்டும் சிறிது நீர் விட்டு உறங்கவிடுங்கள். தடித்த தண்டுள்ள வளைய இலை வகையை மண் உதறி, காகிதப் பையில் போட்டு இருட்டறையில் தொங்கவிடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, சுருங்கியிருந்தால் வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்து, துடைத்துவிட்டு மறுபடி தொங்கவிட வேண்டும். ஐவிக்கும் ரீகலுக்கும் இந்த முறை ஒத்துவராது.

பருவம் திரும்பியதும் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். அடியில் வெறும் கட்டையாகத் தெரிந்தாலும் கணுக்களிலிருந்து துளிர் வரும். பழைய மண்ணை உதறி, வேரைச் சிறிது சீவி, அதே அளவுத் தொட்டியில் புதுக் கலவையில் வையுங்கள். புது இலை நான்கைந்து விரிந்ததும் அரையளவு உரநீரைத் தொடங்கலாம். வெட்டிய நாளிலிருந்து இரண்டரை, மூன்று மாதத்தில் பூங்கொத்து வரும். மூன்று நான்கு வருடம் ஆன செடி கட்டையாகிப் பூ சிறுத்துவிட்டால், கவாத்தில் வெட்டிய நுனிகளையே குச்சியாக வைத்துப் புதுச்செடி ஆக்கிக்கொண்டு, பழையதற்கு விடைகொடுத்துவிடலாம்.